தண்ணீர் எதுவரைக்கும் வந்தது?



மலர்க் குழுவினர் என்னிடம் வந்து, "சிவில் பசங்கன்னா வருஷா வருஷம் பாலம், அணைக்கட்டு, தாஜ்மகால்னே எழுதித் தாரீங்க. இந்தத் தடவ வேற ஏதாவது எழுதுல" என்றார்கள். வேறு ஏதாவது என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். விற்காமல் கிடந்த மூன்று வீடுகளும், அவற்றை விற்பதற்கு நான் போட்ட விளம்பரமும். அந்த வீடுகளுக்குள் எங்கள் அப்பாவின் கூலி 64,000 ரூபாய் மாட்டிக்கொண்டிருந்தது. ஆகவே எனக்கு அது விளையாட்டு இல்லை.

எங்கள் அப்பா கொத்தனார். அம்மா, முதுகுவலி வந்து படுக்கும் வரை சித்தாள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவிடம் பிளானைத் தலைகீழாகக் கொடுத்தாலும் எந்த அறை எங்கே வருகிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் பேப்பரில் கொட்டை எழுத்துத் தலைப்பை மட்டும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்.

அப்பா வேலை பார்ப்பது எங்கள் பக்கத்து அண்ணாச்சி ஒருவரிடம். அவரும் கொத்தனாராக இருந்து, மேஸ்திரியாகி, பிறகு "நாமளே கட்டி வித்தா என்ன?" என்று இறங்கியவர். எட்டயபுரம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி 9 சென்ட் வாங்கி, மும்மூன்று சென்டாகப் பிரித்து, மூன்று வீடு கட்டினார். ரூஃப் கான்கிரீட் முடிந்த நேரத்தில்தான் 2023 டிசம்பர் மழை. அதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. நம்மில் பாதிப் பேர் மொட்டை மாடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றவர்கள்தானே!

தண்ணீர் வடிந்து, பூச்சு வேலை முடிந்து, வெள்ளை அடித்து, 2024 நடுவில் வீடுகள் தயார். 2025 சித்திரை வரை ஒன்றுகூட விற்கவில்லை. அண்ணாச்சி வட்டி கட்டினார். அப்பாவுக்கு "வீடு போகட்டும் கொத்தனாரே, மொத்தமா தாரேன்" என்ற வாக்குறுதி வந்துகொண்டிருந்தது. அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவர் வீட்டம்மா கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது.

முன்பெல்லாம் வீடு விற்க வேண்டுமென்றால் தரகரிடம் சொல்வார்கள், தினத்தந்தியில் வரி விளம்பரம் கொடுப்பார்கள், சுவரில் எழுதுவார்கள். இப்போது எல்லோரும் போனில் அல்லவா தேடுகிறார்கள்! அண்ணாச்சியிடம் ஒரு ஆன்லைன் விளம்பரக்காரர் வந்தார். "15,000 ரூபாய் குடுங்க, வாங்குற ஆளோட பேரையும் நம்பரையும் உங்க கையில தாரேன்" என்றார். அண்ணாச்சி கொடுத்துவிட்டார்.

விளம்பரத்தைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. படத்தில் இருந்தது எங்கள் வீடே இல்லை. ஏதோ ஒரு நாட்டுப் பங்களா, நீச்சல் குளம், பலூன் பிடித்த வெள்ளைக்காரக் குழந்தை. கீழே, "வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலை 10 நிமிடம்! விமான நிலையம் 10 நிமிடம்!" எட்டயபுரம் ரோட்டிலிருந்து வாகைக்குளத்துக்குப் பத்து நிமிடத்தில் போக வேண்டுமென்றால் விமானத்திலேயே போனால்தான் உண்டு.

ஆனால் பெயர்கள் வந்தன! மூன்று வாரத்தில் 237 பெயர். ஒரு கோடைப் பகலில் அந்த எக்செல் தாளை என் கையில் கொடுத்து, "நீ படிச்ச பையன்லா, எல்லாருக்கும் போன் போட்டுப் பேசு" என்றார் அண்ணாச்சி. பேசினேன்.

"தெரியாம கை பட்டுட்டு தம்பி."

"வாடகை எவ்வளவு?"

"நான் கோயம்புத்தூர்ல இருக்கேன், எனக்கு எதுக்கு தூத்துக்குடியில வீடு?"

ஒருவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன், அவன் அப்பாவின் போனில் கேம் விளையாடிக்கொண்டிருந்தானாம். ஒருவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். அவர் என்னிடமே பாலிசி விற்கப் பார்த்தார். பதினெட்டு வயதிலேயே எடுத்தால் பிரீமியம் குறைவாம்.

ஏன் இப்படி ஆகிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஃபேஸ்புக்கில் வரும் அந்தப் படிவத்தில் நம் பெயரும் நம்பரும் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். இரண்டு தட்டு தட்டினால் போய்விடும். வீடு வாங்கும் எண்ணமே வேண்டியதில்லை. இன்னொன்று, 'படிவம் நிரப்பும் ஆட்களைக் கொண்டு வா' என்றுதான் நாம் அந்த இயந்திரத்துக்குச் சொல்கிறோம். அது சொன்னதைச் செய்கிறது. எதைக் கண்டாலும் தட்டுகிற ஆட்களாகத் தேடிக் கொண்டுவருகிறது. வீடு வாங்குகிறவர் அப்படித் தட்டுகிற ஆளாக இருக்க வேண்டிய அவசியமில்லையே! 237 என்பது பெரிய எண். ஆனால் அதில் வீட்டை நேரில் பார்க்க வந்தவர்கள் 4 பேர்.

அந்த நாலு பேரில் ஒருவர் உண்மையாகவே "நீச்சல் குளம் எங்க?" என்று கேட்டார். இரண்டு பேர் வாசலோடு திரும்பினார்கள். நாலாவதாக வந்தவர்கள் ஒரு டீச்சரம்மாவும் அவர் கணவரும். அவர்கள் குளத்தைக் கேட்கவில்லை. டீச்சரம்மா உள்ளே வரும்போதே கேட்டது இதுதான்:

"தண்ணி எதுவரைக்கும் வந்திச்சு?"

"இங்கன தண்ணியே வரலம்மா" என்றார் அண்ணாச்சி.

டீச்சரம்மா ஒன்றும் சொல்லவில்லை. எதிர்வீட்டுக் காம்பவுண்டுச் சுவரைக் காட்டினார். அதில் தொடை உயரத்துக்குப் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு, ரச மட்டம் வைத்துப் போட்டதுபோல நேராக ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா ஜன்னலில் சிமெண்ட் கறையைச் சுரண்டிக்கொண்டு நின்றார். அவர் காதில் எல்லாம் விழுந்தது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "தண்ணி வந்திச்சுதான். ஆனா ஒண்ணாம் வீட்டுக்குள்ள ஏறல. பேஸ்மட்டத்த இன்னும் ஒரு அடி தூக்குங்க அண்ணாச்சின்னு நான் சண்ட போட்டுத் தூக்கினது. அத அவர் சொல்லிருக்கலாம்லா?"

எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். காலேஜ் ஆட்டோ லெவல் வெளியே தரமாட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அப்பாவிடம் டியூப் மட்டம் இருக்கிறதே! பத்து மீட்டர் கண்ணாடி டியூபில் தண்ணீர் நிரப்பி, குமிழி இல்லாமல் தட்டித் தட்டி எடுத்து, ஒரு முனையை எதிர்வீட்டுச் சுவரின் கோட்டில் நான் பிடித்தேன். மறுமுனையை அப்பா வாசல்படியில் பிடித்தார். "ஏத்து... ஏத்து... நிப்பாட்டு." சர்வேயிங் லேபில் நான் நூறு ரீடிங் எழுதியிருக்கிறேன். எதற்கும் கை நடுங்கியதில்லை. அன்று நடுங்கியது.

தெருவில் தண்ணீர் நின்ற உயரம் 2 அடி 3 அங்குலம். ஒன்றாம் வீட்டுத் தரை அந்தக் கோட்டுக்கு 9 அங்குலம் மேலே. இரண்டாம் வீட்டுத் தரை 7 அங்குலம் மேலே. மூன்றாம் வீடு பள்ளத்து மூலையில் இருப்பது. அங்கே மட்டும் கிராவல் அடிக்கப் பணம் தட்டுப்பாடாகி, பேஸ்மட்டத்தைக் குறைத்துவிட்டார்கள். அதன் தரை கோட்டுக்கு 4 அங்குலம் கீழே. அப்பா டியூபைச் சுருட்டிக்கொண்டு அந்த வீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு நானே விளம்பரம் போடுவது என்று முடிவு செய்தேன். கூகுள் நடத்தும் ஸ்கில்ஷாப் என்ற இலவசப் பாடத்தை ராத்திரி ராத்திரி போனில் படித்தேன். நண்பர்களே, நம் சிலபஸில் இது கிடையாது. ஆனால் எஸ்டிமேஷன் பாடத்தைவிடக் கஷ்டமில்லை. கூகுள் இந்த விளம்பரத்தை 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கியபோது 350 விளம்பரக்காரர்கள்தான் இருந்தார்களாம். 2002 முதல் தேடல் விளம்பரத்தில், தட்டினால் மட்டும் காசு என்ற முறை வந்தது. ஒருவர் ஒரு சொல்லைத் தேடும் அந்த நொடியில் ஓர் ஏலம் நடக்கிறது. நம் மீன் ஏலக் கூடத்தைப்போலத்தான், சத்தம் மட்டும் கிடையாது. ஆனால் அதிகம் கேட்டவனுக்கே என்று விட்டுவிடுவதில்லை. தேடியவர் கேட்டதற்கும் நம் விளம்பரத்துக்கும் எவ்வளவு பொருத்தம் என்றும் பார்க்கிறது. இங்கேதான் ஏழைக்குக் கொஞ்சம் வழி இருக்கிறது.

நாளுக்கு 200 ரூபாய் என்று வைத்தேன். முதல் மூன்று நாள் 600 ரூபாயும் பாழ். தட்டிய சொற்களைப் பார்த்தால்: 'வாடகை வீடு', 'ஒத்திக்கு வீடு', 'ஹார்பர் பக்கம் ரூம்'. வாடகை தேடுகிறவர் தட்டினாலும் அதே காசுதான். எந்தச் சொல் வந்தால் நம் விளம்பரம் தெரியக் கூடாது என்று ஒரு பட்டியல் கொடுக்கலாம். 'வாடகை', 'ஒத்தி', 'ரூம்', 'லாட்ஜ்', 'ஹாஸ்டல்' எல்லாவற்றையும் அதில் போட்டேன். 'ஒத்தி' என்ற சொல்லை அந்தப் பாடம் நடத்தியவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அதைச் சேர்க்க நம் ஊர்க்காரன்தான் வேண்டும்! அதேபோல் 'தூத்துக்குடி' என்று மட்டும் போட்டால் போதாது. கொஞ்சம் வயதானவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் இன்னும் 'டூட்டிகோரின்' என்றே தேடுகிறார்கள். இரண்டையும் போட்டேன். ஊருக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமில்லாமல், வேறிடத்தில் இருந்துகொண்டு நம் ஊரைப் பற்றித் தேடுகிறவர்களுக்கும் காட்டும்படி வைக்க முடியும். கப்பலிலும் துபாயிலும் இருக்கிற நம் ஆட்களுக்காக அதை அப்படியே விட்டேன்.

தட்டினால் திறக்கும் பக்கத்தில் என்ன போடுவது? அதில்தான் பெரிய சண்டை. நான் எழுதியது: வீட்டின் உண்மையான ஆறு படங்கள். உள்ளளவு எத்தனை சதுர அடி. பிளான் அனுமதி நகல். எதிர்வீட்டுச் சுவர்க் கோட்டின் படம், அதன் கீழே நாங்கள் அளந்த அளவு.

அண்ணாச்சி போனைப் பார்த்துவிட்டு, "ஏல, கிறுக்கு புடிச்சிருக்கா? தண்ணி வந்த கதைய நாமளே ஊருக்குச் சொல்லுததா?" என்றார்.

நான் சட்டம் பேசினேன். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேல் நிலம், அல்லது எட்டுக்கு மேல் வீடு என்றால் பதிவு செய்யாமல் விளம்பரமே போடக் கூடாது. பதிவு எண்ணையும் விளம்பரத்தில் காட்ட வேண்டும். பொய் விளம்பரத்தை நம்பி ஏமாந்தவர் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம் என்று 12-ஆம் பிரிவு சொல்கிறது. "நம்மது எவ்வளவு?" என்றார் அண்ணாச்சி. கணக்குப் போட்டேன்: 9 சென்ட், 364 சதுர மீட்டர், மூன்றே வீடு. பதிவு வேண்டியதில்லை. "பின்ன என்ன!" என்று சிரித்தார். சட்டம் என்னைக் கைவிட்டது.

சரி என்று முத்துக்குளிப்புக்குப் போனேன். நூலகத்தில் படித்தது. வெள்ளைக்காரன் காலத்தில் நம் கடலில் முத்துக்குளிப்பு நடத்துவதற்கு முன்னால், பாரிலிருந்து கொஞ்சம் சிப்பியை மாதிரிக்கு எடுத்து, அதில் கிடைத்த முத்துக்கு விலை மதிப்புப் போட்டு, அந்த விவரத்தை அறிவிப்பாக வெளியிடுவார்கள். அதைப் பார்த்துத்தான் வெளியூர் வியாபாரிகள் வருவார்கள். நம் ஊரில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. "அவங்க விளம்பரம் போட்டப்போ சிப்பியப் பொளந்து காட்டிட்டுத்தான் அண்ணாச்சி போட்டாங்க" என்றேன்.

"முத்து வேற, வீடு வேற" என்றார்.

அப்போதுதான் அப்பா பேசினார். அண்ணாச்சி முன்னால் அவர் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. பேஸ்மட்டச் சண்டைகூட எனக்குத் தெரியாமல் நடந்ததுதான். கையைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "அண்ணாச்சி, வாரவன் சுவத்தப் பாக்கத்தான போறான். நாம அளந்தத நாமளே போட்டுருவோம்."

அண்ணாச்சி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டு வீட்டுக்குப் போடு. மூணாவதப் போடாத" என்றார். நானும் சரி என்றுவிட்டேன். மூன்றாம் வீட்டை விளம்பரத்திலிருந்தே எடுத்துவிட்டேன். பொய் சொல்லவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இந்த விளம்பரத்துக்குக் கூட்டம் வரவில்லை. முதல் மாதம் வந்த போன் 11. ஆனால் பேச்சே வேறு மாதிரி இருந்தது. "பட்டா உட்பிரிவு ஆயிட்டா?", "போர் தண்ணி உப்பா?" என்று கேட்டார்கள். ஒருவர் மட்டும், "பக்கத்துல எந்த ஆளுக இருக்காக?" என்று கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் போனை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டேன். அமெரிக்காவில், வீட்டு விளம்பரத்தை வயது பார்த்து, ஆணா பெண்ணா பார்த்து, எந்த அஞ்சல் குறியீடு என்று பார்த்துக் காட்டக் கூடாது என்று வழக்காகி, 2019-இல் ஃபேஸ்புக் அதை நிறுத்த ஒத்துக்கொண்டதாம். இங்கே அதற்குப் பட்டனே தேவையில்லை, போனிலேயே கேட்டுவிடுகிறார்கள்.

ஆகஸ்டில் ஒரு போன் வந்தது. கடலோசைபோல ஒரே இரைச்சல். கப்பலில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், சிங்கப்பூர் துறைமுகத்தில் நின்றுகொண்டு பேசுகிறார். "2023-ல நான் கடல்ல இருந்தேன் தம்பி. வீட்டுல அம்மாவும் புள்ளைகளும் இடுப்பளவு தண்ணியில நின்னாங்க. போன் கூடப் போகல. நீ போட்ட அந்த 9 இஞ்ச், அது நெசந்தானா?" என்றார்.

"நானும் எங்கப்பாவும் அளந்தது அண்ணா. நீங்க ஆள் அனுப்பி அளந்துக்கிடுங்க" என்றேன்.

அவர் மனைவியும் மாமியாரும் டேப்போடு வந்தார்கள்! அப்பா டியூப் மட்டத்தை எடுத்து வந்து அவர்கள் கண் முன்னால் மறுபடி அளந்தார். மாமியார் கிழவி குனிந்து டியூபில் தண்ணீர் நிற்கும் இடத்தைத் தன் விரல் வைத்துப் பார்த்தார். செப்டம்பரில் ஒன்றாம் வீடு பத்திரம் முடிந்தது. இரண்டாம் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தவருக்கு பேங்க் லோன் கிடைக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அது இன்னும் நிற்கிறது. விளம்பரமும் ஓடிக்கொண்டிருக்கிறது, இப்போது நாளுக்கு 100 ரூபாய் கணக்கில். அப்பாவுக்கு 40,000 வந்தது. மீதி 24,000 இரண்டாம் வீட்டில் இருக்கிறது. அந்த 40,000-இல் அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்தோம், என் ஐந்தாம் செமஸ்டர் கட்டணம் கட்டினோம்.

மூன்றாம் வீட்டை அண்ணாச்சி வாடகைக்கு விட்டுவிட்டார். அக்கம்பக்கத்தைவிட ஆயிரம் ரூபாய் குறைவு. கைக்குழந்தையோடு ஓர் இளம் குடும்பம் வந்து குடியேறியது. ஐப்பசி பிறந்து, ஒருநாள் சாயங்காலம் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. அம்மா படுத்தபடியே கேட்டார்: "எய்யா, அந்த மூணாம் வீட்டுப் புள்ளகிட்ட சொன்னியா?"

நான் சொல்லவில்லை. விளம்பரத்தில் ஒன்பது அங்குலத்தை ஊருக்கே சொன்னவன், நாலு அங்குலத்தை அந்த ஒரு வீட்டுக்குச் சொல்லவில்லை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். அந்த அக்கா குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "வாடக கொறச்சலா இருக்கும்போதே நெனச்சேன் தம்பி" என்றார். அரிசி டிரம்மைப் பரண்மேல் ஏற்றி வைத்திருந்தார். ஆனால் குழந்தையின் தொட்டில் தாழ்வாகத்தான் தொங்கியது.

அடுத்த ஞாயிறு அப்பாவும் நானும் போனோம். அண்ணாச்சியிடம் கேட்கவில்லை. ஒன்றாம் வீட்டு வேலையில் மிஞ்சிய செங்கல் கொஞ்சம் கிடந்தது, அரை மூட்டை சிமெண்டும் இருந்தது. வாசலிலும் பின்கதவிலும் ஒரு திட்டு கட்டலாம் என்றார் அப்பா. "ரெண்டு வரி செங்கல் வச்சாப் போதுமாப்பா?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. டியூபின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, எதிர்வீட்டுச் சுவருக்குப் போகச் சொன்னார்.